பெட்டிக்குள் ஒரு ஃபாரம்

நியூயார்க்கில் ஒரு சின்ன கம்பெனி. 1906 வாக்கில் ஒரு நாள் அதன் வாசலில் போலீஸ்காரர் ஒருவர் வந்து நின்றார். கையில் பத்திரிகை விளம்பரம். பத்து டாலருக்கும் குறைவான விலையில் கம்பியில்லாத் தந்திக் கருவி தருவதாக இந்தக் கம்பெனி ஊரை ஏமாற்றுகிறது என்று யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள். மார்க்கோனி கம்பெனி பெரிய பெரிய கப்பல்களில் வைத்துக்கொண்டிருக்கிற சமாசாரத்தை ஒரு சட்டை விலைக்குக் கொடுத்தால் சந்தேகம் வராதா?

முதலாளியின் பெயர் ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக். லக்ஸம்பர்க்கிலிருந்து பிழைக்க வந்த இளைஞர். (விஞ்ஞானக் கதைகளுக்கு இன்று கொடுக்கிறார்களே ஹ்யூகோ விருது, அது இவர் பெயரில்தான்.) அவர் பதறவில்லை. அறையின் ஒரு பக்கம் ஒரு பெட்டி, இன்னொரு பக்கம் ஒரு பெட்டி. இங்கே பட்டனை அழுத்தினார். அங்கே மணி அடித்தது. போலீஸ்காரர் முழுசாகப் பார்த்தார். ஆனாலும் நம்பவில்லை. கம்பியில்லாக் கருவி என்று சொல்லிவிட்டு இத்தனை கம்பி எதற்கய்யா என்று கேட்டாராம். பின்னாளில் கெர்ன்ஸ்பேக்கே சிரித்துக்கொண்டு சொன்ன கதை இது.

நமக்கு வேண்டியது அந்த மணி இல்லை. அந்தப் பெட்டி விற்ற இடம். தபாலில் மட்டுமல்ல, மேஸிஸ், கிம்பெல்ஸ் மாதிரி நியூயார்க்கின் பிரம்மாண்டமான டிபார்ட்மென்ட் ஸ்டோர்களிலும் அது கிடைத்தது. தொப்பி, கவுன், பொம்மை, பீங்கான் தட்டு வாங்கப் போகிற அதே கடை. கூடவே ஒரு ஒலிபரப்புக் கருவி. யாரும் பேரைக் கேட்கவில்லை. லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்கவில்லை. இருந்தால்தானே கேட்க? அப்படியொரு சட்டமே அப்போது அமெரிக்காவில் கிடையாது.

விளைவு என்னவாக இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். வீட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டு பையன்கள் தட்டித் தள்ளினார்கள். எங்கள் கப்பல்களுக்கு அனுப்பும் செய்திக்குள் இந்தப் பொடியன்கள் புகுந்து கெடுக்கிறார்கள் என்று கடற்படை புலம்பியது. 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியது. அந்த வருஷமே சட்டம் வந்துவிட்டது. இனி ஒலிபரப்ப வேண்டுமானால் லைசென்ஸ். பொழுதுபோக்குக்காரர்களுக்கு 200 மீட்டருக்குக் கீழே உள்ள அலைவரிசை மட்டும். அது எதற்கும் உதவாத இடம் என்று அன்றைக்கு எல்லோரும் நினைத்தார்கள். அந்த உதவாத இடத்தை வைத்துக்கொண்டுதான் அவர்கள் பின்னால் கண்டம் விட்டுக் கண்டம் பேசினார்கள். அவர்களுக்குத்தான் ஹாம் என்று பெயர்.

ஆக, கடை முந்திக்கொண்டது. சட்டம் பின்னால் ஓடி வந்தது. இந்த வரிசையைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்ப வரப்போகிறது.

சட்டம் வந்ததும் பெரிய கடைகள் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தன. வாயை விட்டுவிட்டுக் காதை மட்டும் விற்க ஆரம்பித்தன. 1920 செப்டம்பரில் பிட்ஸ்பர்க் நகரின் ஹார்ன்ஸ் டிபார்ட்மென்ட் ஸ்டோர் ஒரு விளம்பரம் கொடுத்தது. வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி இன்ஜினீயர் ஃப்ராங்க் கான்ராட் தன் வீட்டு கராஜிலிருந்து இசைத்தட்டு போட்டு ஒலிபரப்பிக்கொண்டிருந்தார். ஹாம் ஆசாமிதான். அவருக்குத் தட்டுகள் கொடுத்து உதவியது உள்ளூர் மியூசிக் கடை. பதிலுக்கு அவர் கடையின் பெயரைச் சொல்வார். அவர் போட்டுக் காட்டிய தட்டுகள் மற்றவற்றைவிட அதிகம் விற்பதைக் கடைக்காரர் கண்டுபிடித்தார். இதற்கிடையில் ஹார்ன்ஸ் கடை, கான்ராட் பாட்டைக் கேட்க ரிசீவர், 10 டாலரிலிருந்து, எங்களிடம் வாருங்கள் என்றது. அந்த விளம்பரத்தைப் பார்த்துத்தான் வெஸ்டிங்ஹவுஸ் துணைத்தலைவர் ஹாரி டேவிஸுக்குப் பொறி தட்டியது. கருவி விற்கிற காசு நமக்கல்லவா வர வேண்டும்? 1920 நவம்பர் 2, ஜனாதிபதி தேர்தல் முடிவை ஒலிபரப்பிக்கொண்டு கே.டி.கே.ஏ. என்ற நிலையம் பிறந்தது. வானொலி யுகமே ஒரு துணிக்கடை விளம்பரத்திலிருந்து கிளம்பியது என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். ஆனால், ரொம்ப மிகை இல்லை.

கேட்பதற்கு அமெரிக்காவில் லைசென்ஸ் தேவைப்படவில்லை. (நம் ஊரில் 1980கள் வரைக்கும் வீட்டு ரேடியோவில் பாட்டுக் கேட்கவே தபால் ஆபீசில் பணம் கட்டி லைசென்ஸ் புத்தகத்தில் ஸ்டாம்ப் ஒட்டிக்கொண்டிருந்தோம். வயசானவர்களைக் கேளுங்கள்.) பேசுவதற்குத்தான் பரீட்சை. எலெக்ட்ரானிக்ஸ் தெரிய வேண்டும். மோர்ஸ் தெரிய வேண்டும். 1951-ல் ஆரம்பநிலைக்காரர்களுக்காக நோவிஸ் என்றொரு எளிய லைசென்ஸ் கொண்டுவந்தார்கள். அதற்கும்கூட நிமிஷத்துக்கு 5 வார்த்தை வேகத்தில் மோர்ஸ் புரிந்தாக வேண்டும்.

ஒரு வியாபாரியாக யோசித்துப் பாருங்கள். பரீட்சை எழுதிப் பாஸானவன் மட்டும் பயன்படுத்தக்கூடிய பொருளைச் சோப்பு, சீப்பு பக்கத்தில் அடுக்கி வைப்பீர்களா? மாட்டீர்கள். அது தனிக்கடைச் சரக்கு. 1921-ல் பாஸ்டனில் தியடோர், மில்டன் டாய்ச்மேன் என்ற சகோதரர்கள் அப்படியொரு கடை போட்டார்கள். கப்பலில் ரேடியோ வைத்திருக்கும் மரத்தடுப்பு அறைக்கு ஷாக் என்று பெயர். அதையே கடைக்கு வைத்தார்கள். ரேடியோ ஷாக். மிச்சிகன் மாநிலத்தில் ஹீத் கம்பெனி இன்னொரு வழி பிடித்தது. உதிரி பாகங்களை ஒரு பெட்டியில் போட்டு, எதை எங்கே பற்றவைப்பது என்று படிப்படியாகச் சொல்லும் புத்தகமும் வைத்துத் தபாலில் அனுப்பியது. வாங்கியவர் சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்து தானே செய்துகொள்ள வேண்டியது. ஜனாதிபதி தேர்தலில் நின்ற செனட்டர் பேரி கோல்ட்வாட்டரும் இப்படி உட்கார்ந்த பைத்தியங்களில் ஒருவர்.

பரீட்சையே வேண்டாம், சாதாரண ஜனங்களும் பேசட்டும் என்ற யோசனை இரண்டாம் உலகப்போர் முடிகிற சமயம் வந்தது. எஃப்.சி.சி. என்று ஒரு அமைப்பு. அமெரிக்காவின் காற்றுக்குத் தாசில்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 1945-ல் சிட்டிசன்ஸ் ரேடியோ என்று ஒன்றை அறிவித்தது. அதிக அலைவரிசையில் இயங்கும் செட்டுகள் விலை அதிகம், தூரம் குறைவு. ஓடவில்லை. 1958-ல் 27 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஒரு துண்டு ஒதுக்கி 23 சேனல் போட்டுக் கொடுத்தார்கள். சிட்டிசன்ஸ் பேண்ட். சுருக்கமாக சிபி. அந்தத் துண்டு அதுவரை ஹாம்களுடையது. பிடுங்கிக் கொடுத்தார்கள். ஹாம்களுக்கு வந்த கோபம் ஒரு தலைமுறைக்குத் தீரவில்லை.

சிபிக்குப் பரீட்சை இல்லை. ஆனால், லைசென்ஸ் உண்டு. ஃபாரம் எழுதி, பணம் கட்டி, அரசாங்கம் அனுப்பும் அழைப்புக் குறி வந்த பிறகுதான் பேச வேண்டும். அதிலும் காரியமாக. பிளம்பர் தன் கடையோடு பேசலாம், விவசாயி டிராக்டரிலிருந்து வீட்டோடு பேசலாம். முன்பின் தெரியாதவனிடம் அரட்டை அடிக்கக் கூடாது. காகிதத்தில் ரொம்ப ஒழுங்கான ஏற்பாடு.

இந்த இடத்தில் நம் கதாநாயகன் வருகிறார். சார்லஸ் டாண்டி. டெக்ஸாஸ்காரர். குடும்பத் தொழில் தோல். பெல்ட், பர்ஸ் செய்து பழக வேண்டியவர்களுக்குத் தோலும் கருவிகளும் விற்கிற வியாபாரம். 1963-ல், கடனில் மூழ்கிக்கொண்டிருந்த ரேடியோ ஷாக்கை 3 லட்சம் டாலருக்கு வாங்கினார். அப்போது அதற்குக் கடைகள் ஒன்பதுதான். ஆனால், சரக்கு வகைகள் 40 ஆயிரம்!

டாண்டிக்கு ரேடியோ தெரியாது. கணக்கு தெரியும். 40 ஆயிரத்தை 2,500 ஆக வெட்டினார். பெரிய கடைக்குப் பதில் சின்னச் சின்னக் கடைகளாகத் தெருவுக்குத் தெரு, ஷாப்பிங் சென்டருக்கு ஷாப்பிங் சென்டர் திறந்தார். அடுத்தவன் பிராண்டை விற்றால் லாபத்தில் பாதி அவனுக்குப் போய்விடும் என்று ரியலிஸ்டிக் என்ற சொந்தப் பெயரில் சரக்கு இறக்கினார். மாதம் ஒரு பேட்டரி இலவசம் என்று ஒரு கார்டு கொடுத்தார். பேட்டரிக்கு எத்தனை காசு? ஆனால், அதை வாங்க வருகிறவன் சும்மா திரும்பிப் போக மாட்டான் என்பது அவர் கணக்கு. 1970களின் நடுவில் கடைகள் ஆயிரக்கணக்கில் ஆகிவிட்டன. ஹாம்களுக்காகப் பிறந்த கடை, குடும்பத்தோடு போகிற கடையாகிவிட்டது.

வலை ரெடி. மீன் 1973 அக்டோபரில் வந்தது.

அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பெட்ரோல் பங்க்குகளில் வரிசை. எரிபொருளை மிச்சப்படுத்த, நாடு முழுக்க வேகம் மணிக்கு 55 மைலுக்கு மேல் கூடாது என்று 1974 ஜனவரியில் நிக்ஸன் கையெழுத்துப் போட்டார். லாரிக்காரர்கள் கொதித்துப்போனார்கள். ஓடுகிற மைலுக்குத்தான் அவர்களுக்குக் காசு. எங்கே டீசல் கிடைக்கிறது, எங்கே போலீஸ் ஒளிந்திருக்கிறது என்று முன்னால் போகிறவர் பின்னால் வருகிறவருக்குச் சொல்ல ஒரு வழி வேண்டும். லாரியில் ஏற்கெனவே சிபி இருந்தது. அதிலேயே மறியலுக்கும் ஆள் சேர்த்தார்கள். தொலைக்காட்சி அதைக் காட்டியது. காரில் போகிற குமாஸ்தாவுக்கும் டாக்டருக்கும் அட, இது நல்லா இருக்கே என்று தோன்றியது.

அப்புறம் நடந்தது வெறி. 1976 ஜனவரியில் லாரி ஊர்வலத்தைப் பற்றிய 'கான்வாய்' பாட்டு விற்பனையில் முதலிடம். 1977-ல் 'ஸ்மோக்கி அண்ட் தி பேண்டிட்' படம், ஸ்டார் வார்ஸுக்கு அடுத்தபடி அந்த வருஷத்தின் பெரிய வசூல். ஸ்மோக்கி என்றால் போலீஸ். காட்டுத் தீ பற்றி எச்சரிக்கும் ஒரு கரடி பொம்மையின் தொப்பி மாதிரியே நெடுஞ்சாலைப் போலீசாரின் தொப்பி இருந்ததால் வந்த பட்டப்பெயர். எல்லோருக்கும் ஒரு புனைபெயர். ஜனாதிபதி ஃபோர்டின் மனைவி பெட்டி ஃபோர்டுக்கே 'ஃபர்ஸ்ட் மாமா' என்று பெயர். மாமா என்றால் அங்கே அம்மா. அவசரப்படாதீர்கள்.

சியர்ஸ், ஜே.சி.பென்னி, மான்ட்கமரி வார்ட், கே-மார்ட். எல்லாக் கடையிலும் சிபி. ரேடியோ ஷாக்கின் மொத்த வருமானத்தில் அது கிட்டத்தட்ட 30 சதவிகிதம் வரைக்கும் போனது.

லைசென்ஸ்? ஆங். அது பெட்டிக்குள் இருந்தது.

செட்டோடு விண்ணப்ப ஃபாரத்தையும் வைத்துக் கொடுத்தார்கள். விற்கிறவர் லைசென்ஸைப் பார்க்க வேண்டும் என்று விதி இல்லை. வாங்கியவர் வீட்டுக்குப் போய் ஃபாரத்தை நிரப்பி அனுப்பிவிட்டு, வாரக்கணக்கில் காத்திருந்து, அதன்பிறகு சுவிட்சைப் போட வேண்டும். செய்வாரா? ஞாயிற்றுக்கிழமை வாங்கிய செட்டைக் கடை வாசலிலேயே காரில் மாட்டிப் பேசிக்கொண்டே வீட்டுக்குப் போனார். ஃபாரம், பெட்டியோடு சேர்ந்து குப்பைக்குப் போனது.

எஃப்.சி.சி. இறங்கி இறங்கி வந்தது. 1975-ல் 20 டாலர் கட்டணத்தை 4 டாலராக்கியது. 1976-ல், நீங்களே ஒரு தாற்காலிக ஃபாரம் எழுதி வைத்துக்கொண்டு உடனே பேசலாம் என்றது. அழைப்புக் குறிக்கு அரசாங்கத்தைக் கேட்க வேண்டாம். கே என்று போட்டு, உங்கள் இனிஷியல், உங்கள் பின்கோடு. முடிந்தது வேலை. 1977-ல் கட்டணமே இல்லை. லைசென்ஸ் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டியது. அதே காலத்தில் பரீட்சை எழுதிய ஹாம்கள் அமெரிக்கா முழுவதும் மூன்று லட்சம் சொச்சம். ஒரு பக்கம் அறுபது வருஷப் பாரம்பரியம், இன்னொரு பக்கம் இரண்டு வருஷக் கவுன்ட்டர் விற்பனை.

எல்லோரும் பேசினால் யார் கேட்பது? 23 சேனலிலும் காட்டுக்கூச்சல். பக்கத்து வீட்டு டி.வி.யில் வரிக்குதிரை. இதில் ஒரு சின்ன கணக்கு இருக்கிறது. 27 மெகாஹெர்ட்ஸில் பேசும் சுமாரான செட், அதன் இரண்டு மடங்கான 54-லும் கொஞ்சம் சிந்தும். அங்கேதான் அன்றைய அமெரிக்க டி.வி.யின் சேனல் 2 ஆரம்பிக்கிறது. மாமியார்கள் சீரியல் பார்க்கிற நேரத்தில் எதிர்வீட்டுக்காரர் குரல் வந்தால் என்ன ஆகும்? தெருவில் யார் வீட்டுக் கூரையில் பெரிய ஆன்டெனா இருக்கிறதோ அவரைப் போய்ப் பிடிப்பார்கள். பாவம், அவர் முறைப்படி லைசென்ஸ் வாங்கிய ஹாமாக இருப்பார்.

கூச்சலில் தன் குரல் மட்டும் எடுபட வேண்டும் என்று சிலர் 4 வாட் செட்டோடு நூற்றுக்கணக்கான வாட் ஆம்ப்ளிஃபயர் மாட்டினார்கள். சட்டவிரோதம். 1978-ல் எஃப்.சி.சி. என்ன செய்தது தெரியுமா? 24-லிருந்து 35 மெகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்கிற ஆம்ப்ளிஃபயர்களின் விற்பனையைத் தடுத்தது. அந்த எல்லைக்குள் ஹாம்களின் 10 மீட்டர் அலைவரிசையும் மாட்டிக்கொண்டது. தப்பு செய்தவன் சிபிக்காரன், அடி விழுந்தது ஹாமுக்கு. அந்தத் தடை விலக 2006 ஆனது.

இனி எனக்குப் பிடித்த பகுதி. வணிகவியல் படித்தவன் என்பதால் இருக்கலாம். சரக்கு இருப்பை எப்படி மதிப்பிட வேண்டும்? அடக்க விலை அல்லது சந்தை விலை, இரண்டில் எது குறைவோ அது. பி.காம். முதல் வருஷத்தில் எல்லோரையும் உருப்போட வைப்பார்கள். இந்த ஒரு வரிக்கு உதாரணம் வேண்டுமா? 1976 ஜூலை.

கூட்டம் தாங்காமல் சேனல்களை 23-லிருந்து 40 ஆக்குவதாக எஃப்.சி.சி. அந்த மாதம் அறிவித்தது. நல்ல எண்ணம்தான். ஆனால், புது செட்டு 1977 ஜனவரி 1-க்கு முன்னால் விற்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டது. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? பொறுத்திருந்து 40 வாங்குவீர்கள். எல்லோரும் அதையேதான் செய்தார்கள். கம்பெனிகளோ, கிறிஸ்துமஸ் விற்பனையை நம்பி ஜப்பானிலிருந்து 23 சேனல் செட்டுகளைக் கப்பல் கப்பலாக இறக்கி வைத்திருந்தன. நூறு, நூற்றைம்பது டாலர் செட் நாற்பதுக்கும் கீழே விழுந்தது. அதோடு போயிற்றா? 1978 ஜனவரிக்கு மேல் அந்தப் பழைய செட்டுகளை விற்கவே கூடாது என்று கெடு. மலிவு 23 வாங்கிய ஜனம் விலை கூடின 40-ஐத் தொடவில்லை. பழசும் போச்சு, புதுசும் போச்சு.

நெப்ராஸ்காவின் ஹை-கெய்ன் கம்பெனி திவாலானது. அருமையான ஹாம் ஆன்டெனா செய்துகொண்டிருந்தவர்கள்; சிபி ஆசையில் போனார்கள். லாஃபயட் என்று ரேடியோ ஷாக்குக்குப் போட்டியாக இருந்த பெரிய சங்கிலிக்கடை, கையிருப்பில் சிக்கித் தள்ளாடி 1980-ல் திவால் மனு போட்டது. ஹை-கெய்ன் கிடங்கில் செட்டாகாமல் கிடந்த சர்க்யூட் போர்டுகள் உதிரிக்கடைகளுக்குச் சல்லிசாக வந்தன. அவற்றை அள்ளிக்கொண்டு போனது யார் என்கிறீர்கள்? ஹாம்கள். 27-லிருந்து 28 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றி 10 மீட்டரில் பேசினார்கள். 1958-ல் பறிகொடுத்ததற்கு வட்டி வசூல்.

ரேடியோ ஷாக் தப்பித்தது. 1977 ஆகஸ்டில் டி.ஆர்.எஸ்-80 என்ற கம்ப்யூட்டரை 599.95 டாலருக்கு அதே கவுன்ட்டரில் வைத்தது. ஆயிரக்கணக்கான கடைகள் தயாராக இருந்தன. உள்ளே எதை வைப்பது என்பதுதான் கேள்வியாக இருந்தது. சார்லஸ் டாண்டி 1978 நவம்பரில் அறுபதாவது வயதில் காலமானார். 1983-ல் எஃப்.சி.சி. கையைத் தூக்கிவிட்டது. சிபிக்கு லைசென்ஸே வேண்டாம்.

பரீட்சைச் சரக்கைப் பொதுக்கடையில் விற்க முடியுமா என்று ரேடியோ ஷாக் பிற்பாடு ஒரு கை பார்த்தது. 1987-ல் நோவிஸ்களும் 10 மீட்டரில் வாயால் பேசலாம் என்று விதி தளர்ந்தது. 1991-ல் மோர்ஸ் இல்லாமலே டெக்னீஷியன் லைசென்ஸ் என்றார்கள். சிபியில் அலுத்தவர்கள் இந்தப் பக்கம் வருவார்கள் என்று கடை கணக்குப் போட்டு எச்.டி.எக்ஸ்-202 என்ற கையடக்க ஹாம் செட்டை இறக்கியது. பக்கத்திலேயே பரீட்சைக்குப் படிக்கும் புத்தகம். கெட்டியான செட், சாதாரண பென்டார்ச் பேட்டரியிலும் ஓடும். கடை ஊழியர்களுக்கு ஹாம் என்றால் என்னவென்று தெரியாது என்று எந்நேரமும் கிண்டல் அடித்துக்கொண்டிருந்த பழைய ஹாம்களே அந்த செட்டை மட்டும் பாராட்டினார்கள். ஆனால், வாங்க வருகிறவனைப் பார்த்து, முதலில் போய்ப் பாஸ் பண்ணிவிட்டு வா என்று சொல்ல எந்த சேல்ஸ்மேனுக்கு மனசு வரும்? செல்போன் விற்றால் அங்கேயே கமிஷன். கடை அந்தப் பக்கம் சாய்ந்தது. 2015-லும் மறுபடி 2017-லும் திவால் நோட்டீஸ் கொடுத்தது.

அதற்கு முன்னால் ஒரு வேலை செய்தது. 1994-ல் ரேடியோ ஷாக் தானே எஃப்.சி.சி.யிடம் ஒரு மனு கொடுத்தது. குடும்பத்தோடு மலையேறுகிறவர்கள், ஷாப்பிங் போகிறவர்கள் பேசிக்கொள்ள அரை வாட் வாக்கி-டாக்கி. லைசென்ஸ் இல்லாமல். 1996-ல் அனுமதி கிடைத்தது. ஃபேமிலி ரேடியோ சர்வீஸ் என்று பெயர். இரட்டை இரட்டையாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஊரெல்லாம் விற்றார்கள்.

கொஞ்ச நாளில் கம்பெனிகளுக்கு ஆசை வந்தது. அதே செட்டில், லைசென்ஸ் தேவைப்படுகிற ஜி.எம்.ஆர்.எஸ். என்ற இன்னொரு சேவையின் சேனல்களையும் சேர்த்து, இத்தனை மைல் கேட்கும் என்று அட்டையில் பெரிய எழுத்தில் போட்டன. அந்தச் சேனல்களுக்கு லைசென்ஸ் கட்டணம் பல சமயம் ஒரு ஜோடி செட்டின் விலையைவிட அதிகம். விவரம் பெட்டிக்குள் சின்ன எழுத்தில் இருந்தது. ஜனங்கள் அட்டையைப் பிரித்தார்கள், பேட்டரியைப் போட்டார்கள், பேசினார்கள். 2017-ல் எஃப்.சி.சி. விதிகளை மாற்றி எழுதியது. ஏற்கெனவே விற்றுப்போன அந்தக் கலவை செட்டுகளில் 2 வாட்டுக்கு மேல் போகாதவை எல்லாம் இனி லைசென்ஸ் தேவையில்லாத வகையில் சேரும். புதிதாக அப்படிக் கலந்து விற்க 2019 செப்டம்பர் 30-லிருந்து தடை.